நெருப்பில்லாமல் புகையுமா? மிஸ் மார்ப்பிள் கதைகள்: ஒரு பார்வை



"டீச்சர், எப்படியும் கடைசியில கொலைகாரனக் கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் ஏன் டீச்சர் ஒரே மாதிரி அத்தனை புத்தகம் படிக்கணும்?"

நான்காம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். அகதா கிறிஸ்டி எழுதிய மிஸ் மார்ப்பிள் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியான ஆங்கிலேயக் கிராமம், தேநீர், ரோஜாத் தோட்டம், பாதிரியார் வீடு, நடுவில் ஒரு பிணம். போலீஸ் குழம்பும். கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி உண்மையைச் சொல்லுவார். அடுத்த புத்தகத்திலும் கிட்டத்தட்ட இதேதான். ஆனாலும் மக்கள் விடாமல் வாசிக்கிறார்கள். ஏன்?

"மர்மம், விறுவிறுப்பு" என்று அவளுக்கு உடனே ஒரு பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அது எனக்கே போதவில்லை. சரியான பதில் வேறு இடத்தில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எந்தக் கதையிலும் குற்றவாளி யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பயமில்லாமல் படிக்கலாம்.

தொடரைப் பற்றிச் சில தகவல்கள்

மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் தோன்றியது 1927 டிசம்பரில், ஓர் இதழில் வந்த சிறுகதையில். முதல் நாவல் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' 1930இல் வெளிவந்தது. மொத்தம் 12 நாவல்கள், 20 சிறுகதைகள். கிறிஸ்டி 1976 ஜனவரியில் காலமானார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிப் பத்திரப்படுத்தி வைத்திருந்த 'ஸ்லீப்பிங் மர்டர்' அதே ஆண்டில், அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. ஆக, ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய தொடர் இது. 1927இலேயே கிழவியாக வரும் மிஸ் மார்ப்பிள் கடைசி வரை கிழவியாகவே இருக்கிறார். வாசகர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் வாழும் செயின்ட் மேரி மீட் ஒரு கற்பனைக் கிராமம். எல்லா நாவல்களும் அங்கே நடப்பதில்லை. 1964இல் வந்த நாவலில் கரீபியன் தீவுக்குப் போகிறார். 1965இல் வந்ததில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் தங்குகிறார். ஆனால் எங்கே போனாலும் கிராமத்தை மனத்தில் சுமந்துகொண்டே போகிறார். புதிதாக ஒருவரைப் பார்த்தால், "இவரைப் பார்த்தால் எங்கள் ஊர் இன்னார் ஞாபகம் வருகிறது" என்பார். தொடரின் உயிரே இந்தப் பழக்கம்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

இடப்பின்னணி: தேங்கிய குட்டையா?

தேர்வில் 'இடப்பின்னணி' என்று கேட்டால் நம் மாணவர்கள் ஊர்ப் பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இந்தக் கதைகளில் அது போதாது. இங்கே இடம்தான் கதையை நடத்துகிறது.

மிஸ் மார்ப்பிளின் அக்கா மகன் முறை வரும் ரேமண்ட் வெஸ்ட் ஓர் எழுத்தாளர், நகரவாசி. செயின்ட் மேரி மீட் அவருக்கு ஒரு தேங்கிய குட்டை. அத்தை அமைதியாகப் பதில் சொல்கிறார்: தேங்கிய குட்டையின் ஒரு சொட்டு நீரை நுண்பெருக்காடியில் வைத்துப் பார், அதைவிட உயிர்த்துடிப்பானது வேறொன்றும் இல்லை என்ற பொருளில். தொடர் முழுவதற்குமான விளக்கம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் துப்பறியும் கதைகள் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். களங்கமில்லாத ஓர் இடத்தில் கொலை என்னும் கறை விழுகிறது, துப்பறிபவர் வந்து அதை நீக்குகிறார், இடம் பழைய தூய்மைக்குத் திரும்புகிறது என்பது அவருடைய கருத்தின் சாரம். நல்ல விளக்கம். ஆனால் மிஸ் மார்ப்பிளுக்கு அது முழுமையாகப் பொருந்தவில்லை என்பேன். அவர் தம் கிராமத்தைத் தூய்மையான இடம் என்று ஒருபோதும் நம்பியதில்லை. பொறாமை, பேராசை, பழைய பகை எல்லாம் கொலைக்கு முன்பும் அங்கே இருந்தன, பின்பும் இருக்கும். அவர் நீக்குவது வேறொன்றை. அது என்ன?

கருப்பொருள்: சந்தேகத்தில் வாடும் நிரபராதிகள்

1942இல் வந்த 'தி பாடி இன் தி லைப்ரரி' நாவலைப் பாருங்கள். கர்னல் பான்ட்ரியின் வீட்டு நூலக அறையில், முன்பின் தெரியாத ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. அவர் மனைவி டாலி உடனே தோழி மிஸ் மார்ப்பிளை அழைக்கிறார். நம் வீட்டிலேயே ஒரு கொலை மர்மமா என்று முதலில் டாலிக்குக் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருக்கிறது! ஆனால் சில நாட்களிலேயே நிலைமை மாறுகிறது. ஊர் வாய் சும்மா இருக்குமா? "அந்தப் பெண் ஏன் அவர் வீட்டில் கிடந்தாள்?" கர்னலை யாரும் நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. விருந்து அழைப்புகள் மட்டும் மெல்லத் தள்ளிப்போகின்றன. மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டு தமக்குள் சுருங்குகிறார். உண்மை வெளிவராவிட்டால் தம் கணவர் உயிரோடு இருந்தும் செத்தவராகிவிடுவார் என்று டாலி புரிந்துகொள்கிறார்.

அந்த நாவலில் எனக்குப் பிணத்தைவிட இந்தச் சுருங்குதல்தான் பயத்தைத் தருகிறது.

'தி தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்' (1932) தொகுப்பில் நான்கு சந்தேக நபர்களைப் பற்றிய சிறுகதை ஒன்று உண்டு. ஒரு ரகசிய அமைப்பை ஒழிக்க உதவிய ஜெர்மானியர் ஒருவர் இங்கிலாந்து வந்து ஒதுங்கி வாழ்கிறார். ஒருநாள் மாடிப்படியில் விழுந்து இறந்துகிடக்கிறார். வீட்டில் நான்கு பேர்: உறவுக்காரப் பெண், நெடுநாள் வேலைக்காரி, செயலாளர், தோட்டக்காரர். கதையைச் சொல்லும் முன்னாள் போலீஸ் உயரதிகாரி சர் ஹென்றி, குற்றவாளி தப்பிவிட்டதைவிட மற்ற மூவரின் கதியை நினைத்துத்தான் அதிகம் வருந்துகிறார். உண்மை தெரியாதவரை நால்வர் மீதும் நிழல் விழுந்தே கிடக்கும். யாரும் அவர்களை முழுமையாக நம்ப மாட்டார்கள். அவர்களே ஒருவரையொருவர் நம்ப மாட்டார்கள்.

இங்கேதான் என் மாணவியின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. வாசகர் திரும்பத் திரும்ப வருவது கொலைகாரன் மாட்டுவதைப் பார்க்க மட்டுமல்ல. மற்றவர்கள் விடுதலையாவதைப் பார்க்க. நிஜ வாழ்க்கையில் வதந்திக்கு முடிவு கிடையாது. "அவரா இருக்கலாம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வார்த்தை ஊரில் தங்கிவிடும். இந்தக் கதைகளில் கடைசி அத்தியாயம் வந்ததும், "இவர் இல்லை, இவரும் இல்லை" என்று தெளிவாகச் சொல்லப்படுகிறது. அந்த நிம்மதிக்காகத்தான் 12 நாவல்களையும் படிக்கிறோம்.

பழமொழியைச் சோதித்துப் பார்க்கும் நாவல்

'தி மூவிங் ஃபிங்கர்' என்ற நாவல் மொழி ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். லிம்ஸ்டாக் என்னும் சிற்றூரில் பலருக்கு மொட்டைக் கடிதங்கள் வருகின்றன. எல்லாம் ஆபாசமான, பொய்யான குற்றச்சாட்டுகள். கடிதம் பெற்றவர்கள் அதை நெருப்பில் போட்டாலும் ஊரார் என்ன சொல்கிறார்கள்? "நெருப்பில்லாமல் புகையுமா?"

நம்மிடமும் இதே பழமொழி இருக்கிறது. 'நெருப்பில்லாமல் புகையாது' என்று பழமொழிப் பட்டியலில் நாமே எழுதிக் கொடுக்கிறோம். மாணவர்களும் வாக்கியம் அமைத்து மதிப்பெண் வாங்குகிறார்கள். இந்த நாவல் அந்தப் பழமொழியைப் பிடித்து உலுக்குகிறது. புகை இருக்கிறது, சரி. ஆனால் நெருப்பு எங்கே இருக்கிறது? புகையை யார் போட்டது? எதற்காக? கதை சொல்லும் இளைஞர் ஜெர்ரியின் மனத்தில் இந்தச் சொற்றொடர் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. நாவலின் முக்கியத் துப்பே அதில்தான் இருக்கிறது. மிஸ் மார்ப்பிள் இந்த நாவலில் மிகத் தாமதமாகத்தான் வருகிறார், வந்ததும் எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அந்த வார்த்தையை நின்று கவனிக்கிறார்.

மாணவர்களே, தேய்ந்த பழமொழியை நிறுத்தி நிதானித்து "இது எப்போதும் உண்மையா?" என்று கேட்பதும் இலக்கிய நயம் பாராட்டலில் ஒரு பகுதிதான்.

பாத்திரப் படைப்பு: வம்பும் விசாரணையும்

இப்போது ஒரு சிக்கலான இடத்துக்கு வருவோம். மிஸ் மார்ப்பிளும் வம்பு பேசுபவர்தானே? 1930 நாவலில் அவர் ஊர்வம்புக் கிழவிகளில் ஒருவராகத்தான் அறிமுகமாகிறார். பறவை பார்ப்பதாகச் சொல்லித் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று கவனிப்பவர். பின்னர் வந்த புத்தகங்களில் கிறிஸ்டி அவரைக் கொஞ்சம் மென்மையாக்கிவிட்டார்.

அவருடைய முறை ஒப்பிடுதல். முதல் சிறுகதையில், செவ்வாய்க்கிழமை இரவில் சிலர் கூடி ஆளுக்கொரு மர்மம் சொல்வதென்று முடிவெடுக்கிறார்கள். தலைகளை எண்ணும்போது பின்னிக்கொண்டிருக்கும் பாட்டியை மறந்தேவிடுகிறார்கள்! அவரும் தம் பங்குக்கு, கடையில் வாங்கிய இறால் காணாமல் போன ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறார். மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. கடைசியில் கொலை மர்மத்தை அவிழ்ப்பவர் அவரே. நம் மொழியில் சொன்னால், 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்'. கிராமத்துக் கடைக்காரரையும் வேலைக்காரப் பெண்ணையும் நன்றாகத் தெரிந்தவருக்கு உலகத்து மனிதர்கள் புதிதில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். "இவன் அவனை மாதிரி இருக்கிறான், ஆகவே இவனும் அப்படித்தான்" என்பது ஆபத்தான வாதம் இல்லையா? ஊரார் கர்னலுக்குச் செய்ததும் அதைத்தானே? இந்தக் கேள்வியை ஒரு திறனாய்வாளர் கேட்டே ஆக வேண்டும்.

வேறுபாடு இங்கே இருக்கிறது. ஊரார் ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், மிஸ் மார்ப்பிள் ஒப்பிட்டுத் தொடங்குகிறார். ஊராருக்கு அது தீர்ப்பு, அவருக்கு அது ஊகம். நேரம் பொருந்துகிறதா, சொன்னது உண்மையா, ஆதாயம் யாருக்கு என்று பிறகு பார்க்கிறார். ஆதாரம் போதவில்லை என்றால் பொறி வைத்துப் பிடிக்கிறார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற நம் மூத்தோர் வாக்கின் மூன்றாம் பகுதிதான் அவருடைய வேலை. அவரிடம் வம்பில்தான் விசாரணை தொடங்குகிறது. ஆனால் அவர் வம்போடு நின்றுவிடுவதில்லை.

காலப்பின்னணி: கிராமம் மாறியது

அரை நூற்றாண்டில் கிராமம் அப்படியே உறைந்து கிடந்திருந்தால் தொடர் சலித்திருக்கும். கிறிஸ்டி அப்படி விடவில்லை.

1950இல் வந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' நாவலில், இன்ன நாளில் இன்ன வீட்டில் கொலை நடக்கும் என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வருகிறது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து அக்கம்பக்கத்தார் கிளம்பிப் போகிறார்கள். அந்த நாவலில் மிஸ் மார்ப்பிள் ஒரு முக்கியமான மாற்றத்தைச் சுட்டுகிறார். போருக்கு முன் புதிதாக ஒருவர் குடிவந்தால் அவரைத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். இப்போது யார் எங்கிருந்து வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களே தங்களைப் பற்றிச் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. உணவுப் பங்கீட்டு அட்டையும் அடையாள அட்டையும் இருக்கின்றன, ஆனால் அட்டையில் இருக்கும் பெயர் அந்த ஆளுடையதுதானா? போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் சமுதாயப் பின்னணி அப்படியே மர்மத்தின் அடிப்படை ஆகிவிடுகிறது.

1962இல் வந்த 'தி மிரர் க்ராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்' நாவலில் செயின்ட் மேரி மீட்டை ஒட்டிப் புதிய குடியிருப்புப் பகுதி வந்துவிட்டது. சூப்பர்மார்க்கெட்டும் வந்துவிட்டது. பான்ட்ரி தம்பதியர் வாழ்ந்த பெரிய வீட்டை ஒரு திரைப்பட நடிகை வாங்கிவிட்டார். மிஸ் மார்ப்பிள் தள்ளாத வயதில், தம்மைக் குழந்தைபோல் நடத்தும் துணைப்பெண்ணை ஏமாற்றிவிட்டுத் தனியாக நடந்துபோய்ப் புதிய வீடுகளைப் பார்க்கிறார். வீடுகள்தாம் புதியவை, மனிதர்கள் பழையவர்களே என்று கண்டுகொள்கிறார். மாற்றத்தைக் கண்டு புலம்பாமல் எழுந்து போய்ப் பார்க்கிறாரே, அந்த வயதில் அது பெரிய விஷயம் இல்லையா?

குறைகள்

நல்லதை மட்டும் சொன்னால் அது திறனாய்வு ஆகாது.

முதல் குறை, வேலைக்காரர்களைக் காட்டும் விதம். பல கதைகளில் பணிப்பெண்கள் புத்தி மந்தமானவர்களாக, எளிதில் ஏமாறுபவர்களாக வருகிறார்கள். வெளிநாட்டவர்களும் அப்படித்தான். 1950 நாவலில் வரும் மிட்ஸி போரில் குடும்பத்தை இழந்து அகதியாக வந்த பெண். அவளுடைய பயத்தை நாவல் பெரும்பாலும் சிரிப்புக்குப் பயன்படுத்துகிறது. இன்றைக்கு அதைப் படிக்கும்போது உறுத்துகிறது.

ஆனால் இதே எழுத்தாளர்தான் 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' (1953) நாவலையும் எழுதினார். அதில் கிளாடிஸ் என்ற பணிப்பெண் கொல்லப்படுகிறாள். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். வீட்டு வேலை கற்றுக்கொடுத்தவரே மிஸ் மார்ப்பிள்தான். கொன்றதோடு நிற்காமல், துணி உலர்த்தும்போது மாட்டும் கவ்வியை அவள் மூக்கில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் கொலைகாரன். பணக்கார வீட்டுக் கொலைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அந்தக் கவ்விக்காக, அந்த அவமதிப்புக்காகக் கோபப்பட்டு ரயிலேறி வருபவர் இந்தக் கிழவி ஒருவரே. தொடரில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

இரண்டாவது குறை, முடிவு. உண்மை தெரிந்ததும் கதைகள் பெரும்பாலும் சட்டென்று முடிந்துவிடுகின்றன. காதலர்கள் சேர்கிறார்கள், தேநீர் வருகிறது. தவறாகச் சந்தேகப்பட்ட ஊரார் அடுத்த நாள் அந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்த்தார்கள்? மன்னிப்புக் கேட்டார்களா? அது நமக்குக் காட்டப்படுவதில்லை.

இந்தக் குறை எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் 60 ரிங்கிட் காணாமல் போனது. வகுப்பு நூலகத்துக்காகப் பிள்ளைகள் சேர்த்த காசு. ஓய்வு நேரத்தில் கடைசியாக வகுப்பில் இருந்தவன் ஒரு பையன். "அவனாத்தான் டீச்சர் இருக்கும்" என்றார்கள். நான் அவனைக் குற்றம் சாட்டவில்லை. "அப்படிப் பேசாதீங்க" என்று சொல்லவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, என் மேசை இழுப்பறைக்குப் பின்னால் விழுந்து கிடந்த உறையில் காசு அப்படியே இருந்தது. வகுப்பில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், விஷயம் முடிந்தது. அவனுக்கு மட்டும் முடியவில்லை. ஆண்டு இறுதி வரை அவன் ஓய்வு நேரத்தில் வகுப்பில் தங்கவே இல்லை, மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுவான். நான் அவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கர்னல் பான்ட்ரி சுருங்கிப்போன பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் வருகிறது.

மாணவர்களுக்குப் பயன்

கதைமாந்தரின் பண்புநலன் பற்றிய கேள்விக்கு "அவர் நல்லவர், இரக்கமுள்ளவர்" என்று எழுதிவிட்டு நிறுத்துகிறீர்கள். அது ஊரார் முறை. மிஸ் மார்ப்பிள் முறையில், எந்தச் சம்பவம் அதைக் காட்டுகிறது, எந்த உரையாடல் அதை உறுதிப்படுத்துகிறது, அதற்கு எதிரான சான்று ஏதும் உண்டா என்று மூன்றையும் பார்த்து எழுதுங்கள். விடை தானாகக் கனமாகிவிடும்.

வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. 'நெருப்பில்லாமல் புகையாது' என்ற பழமொழி பொய்த்துப்போகும் ஒரு சூழலை ஒரு பத்தியில் எழுதுக.

2. நீங்கள் படித்த ஒரு சிறுகதையில் இடப்பின்னணி மாறினால் கதைப்பின்னல் எவ்வாறு மாறும்? சான்றுடன் விளக்குக.

3. ஒரு துப்பறியும் கதை முடிந்த மறுநாள், தவறாகச் சந்தேகிக்கப்பட்டவரை ஊரார் ஒருவர் சந்திக்கிறார். அந்த உரையாடலை எழுதுக.

மூன்றாவது கேள்வியை என் மாணவியிடம் கொடுத்திருக்கிறேன். "இதுதான் டீச்சர் கஷ்டம், கொலைகாரனக் கண்டுபிடிக்கிறதுகூட ஈசி" என்றாள். சரியாகச் சொன்னாள்.